பெண்களுக்கு மட்டும் ஆடிய நாடகம்

எங்களுக்குக் கலியாணமாகி மூன்றாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், என் கணவர் சிமியோன் தெல்லிப்பழைப் பக்கத்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகம் பழக்கினார். அவர் ஆண்கள் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் வாத்தியார். போருக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு ராணியின் கதை, அவரே எழுதியது. நடித்தவர்கள் பழைய மாணவிகள். சனிக்கிழமைகளில் ஒரு கன்னியாஸ்திரி காவலிருக்க, இரண்டு மாதம் ஒத்திகை நடந்தது. நானும் கூடப் போவேன். அவர் மேடை ஓரத்தில் நின்று எல்லாருடைய வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேயிருப்பார். ராணியாக நடித்த சிசிலியா எதிரில் நிற்பவளைப் பார்க்க மாட்டாள். இவருடைய உதட்டைத்தான் பார்ப்பாள்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மடத்துத் தலைவி அவரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. பெட்டையள் நடிக்கிறதை ஆம்பிளையள் பாக்கக் கூடாதெண்டு தகப்பன்மார் வந்து சண்டை பிடிச்சவை. பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு சொல்லித்தான் சமாளிச்சனான்."

"நான் திரைக்குப் பின்னாலைதானே நிப்பன், மதர்?"

"நீங்களும் ஆம்பிளைதானே, மாஸ்டர்."

வீட்டுக்கு வந்து, நாடகம் எழுதிய கொப்பியை மேசையில் போட்டவர், "நானில்லாமல் அதுகள் ரெண்டு வரி தாண்டாதுகள்" என்றார்.

நாடகத்தன்று பின்னேரம் என்னோடு வண்டிலில் வந்தார். மதிலுக்கு வெளியே மாமரத்தின் கீழ், வண்டில்காரர்களோடு குந்திவிட்டார். நான் உள்ளே போனேன்.

முதல் காட்சிகள் ஒரு குறையுமில்லாமல் போயின. பிறகு தூதனாக நடித்த றோஸ், செத்துப்போன மகனின் வாளைக் கொண்டுவந்தாள். அங்கே ராணிக்குப் பன்னிரண்டு வரிப் புலம்பல் பாட்டு. இவர் நாலு நாள் இருந்து எழுதியது. ஆர்மோனியம் தொடங்கியது. சிசிலியா வாயைத் திறந்தாள்; மேடை ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. ஆர்மோனியம் இன்னொரு முறை தொடங்கி, நின்றுவிட்டது. வெளியே அவருக்கும் அது கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

சிசிலியா திரும்பி, முதன்முதலாக றோஸின் முகத்தைப் பார்த்தாள். வாளை வாங்கி, நிலத்தில் உட்கார்ந்து, மடியில் கிடத்தினாள். குளித்துவிட்டு வந்த பிள்ளையைத் துவட்டுவதுபோலச் சேலைத் தலைப்பால் மெல்ல மெல்லத் துடைத்தாள்.

"நனைஞ்சு போய் வந்திட்டாய், ராசா" என்றாள். அவ்வளவுதான்.

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். பிறகு மண்டபமே அழுதது.

முடிந்து நான் வெளியே வந்தபோது அவர் மதில் வாசலில் படலையைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன நடந்தது? பாட்டுக் கேக்கேல்லை. பிறகு ஒரே அழுகைச் சத்தம். ஆரும் விழுந்திட்டினமே?"

"ஒருத்தரும் விழேல்லை. ஏறுங்கோ, சொல்லுறன்."

வண்டிலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பன்னிரண்டு வரியிலை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

கோபிக்கப்போகிறார் என்று பயந்தேன். கொஞ்சத் தூரம் போனபிறகு, "நீர் அழுதனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எப்பிடித் துடைச்சவ? காட்டும்."

அவருடைய குடையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் காட்டினேன். வண்டில்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னொருக்கால்" என்றார். மல்லாகம் தாண்டும்வரை மூன்று தரம் காட்டினேன்.

அடுத்த வருஷ நாடகத்தன்று மதர் தானாகவே, "திரைக்குப் பின்னாலை நில்லுங்கோ, மாஸ்டர்" என்றார்.

"வேண்டாம், மதர். நான் நிண்டால் என்னைத்தான் பாப்பினம்" என்று சொல்லிவிட்டு மாமரத்தடிக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம் போட்டார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், தான் பார்க்காத அந்த நாடகத்தைப் பற்றித்தான் கதைப்பார். முன்வரிசையில் இருந்து பார்த்தவர்போலச் சொல்வார். சிசிலியாவின் சேலை பச்சை என்பார். அது ஊதா. நான் ஒருநாளும் திருத்தியதில்லை.