மடிக்குள் விழுந்த பந்து

நேசரட்ணம் மாஸ்டரின் கால்கள் இரண்டும் பலாப்பழம் போல வீங்கியிருந்தன. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் கூடைப்பந்துச் சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த மனிதப் பிறவி அவர் ஒருவர்தான். அந்தப் பாவத்துக்காக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு முழுக்க, சனிக்கிழமை தவறாமல் கழுத்தில் விசிலைக் கட்டி அவரை வெயிலில் ஓடவிட்டார்கள். இன்றைக்கு அவருக்கு வேண்டியது அக்கரைப்பற்றில் கிடக்கும் தன் கட்டில் மட்டுமே. பொழுது சாயும் நேரத்தில் கல்முனைக் கடற்கரையிலிருந்து அங்கே போக மிஞ்சியிருந்ததோ ஒரே வண்டி, பாலமுனை அணி வாடகைக்குப் பிடித்து வந்த பஸ்; வழியில் அவர்களை இறக்கிவிட்டு அது அக்கரைப்பற்றுக்குத் திரும்பும். அதன் சாரதி ஹஸன் கோட்டோரம் நின்று, "பாத்து ஊதுங்க மாஸ்டர், நடந்தா விடிஞ்சிரும்!" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

ஆட்டம் முடியும் தறுவாய். பாலமுனை ஒரு புள்ளி பின்னால். முழங்காலுக்கு மேலே தெரியக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டளை போட்டிருந்ததால் பாலமுனைப் பொடியன்மார் இடுப்பில் சுற்றிய கைலியான சாரனோடுதான் ஆடினார்கள். அவர்களில் மீராசா பந்துக்காக எம்பினான். பின்னால் நின்ற கல்முனை முனாப், அவன் சாரனைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். மூட்டிய தையல் 'டர்ர்' என்று கிழிந்து சாரன் விரிய, கைக்கு வரவேண்டிய பந்து மடிக்குள் விழுந்தது. மீராசா தலைமுறை தலைமுறையாய்க் கரைவலை இழுத்த குடும்பம். வலையில் மீன் சேரும் பைக்கும் மடி என்றுதான் பேர்; மடிக்குள் விழுந்ததை விடுவானா? இரண்டு கையாலும் சாரனை அள்ளிக்கொண்டு ஓடி, வளையத்துக்குக் கீழே நின்று ஒரு உதறு உதறினான். பந்து தென்னை உயரம் போய், ஒரு காகத்தை விலக்கிவிட்டு, வளையத்துக்குள் இறங்கியது. சனம் போட்ட கூச்சலில் கடல் இரண்டு பாகத் தூரம் பின்வாங்கியது.

மாஸ்டர் விசிலை ஊதினார். ஊதிய பிறகுதான், எதற்கு ஊதினோம் என்று யோசித்தார்.

"பந்தைத் தூக்கிட்டு ஓடினான் சேர்!" என்று முனாப் குதித்தான்.

"கையால தொட்டனா? புத்தகத்தில சாரன் எண்டு எழுதிக் கிடக்கா?" என்றான் மீராசா.

"சாரன் ஒன்ட உடம்புதானே!"

"என்ட சாரனே இல்லடா, மச்சான்ட!"

மாஸ்டர் கண்ணை மூடினார். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் ஆயுளில் ஒருநாளாவது சாரன் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. சாரன் உடம்பில்லை என்றால் கூடை செல்லும், பாலமுனை வெல்லும், கட்டில் கிடைக்கும். ஹஸன் பஸ் கதவைத் திறந்து வைத்துச் சிரித்தான். ஆனால் அப்படித் தீர்த்தால், அடுத்த சனிக்கிழமை ஊரிலுள்ள அத்தனை அணியும் சாரனில் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடும். விசிலோடு அதன் பின்னால் ஓடுவது யார்?

"சாரன் உடம்புதான்" என்றார்.

முனாப் துள்ளினான்.

"துள்ளாத. உடம்பெண்டா, நீ இழுத்ததும் உடம்பைத்தான். உன்ட பவுல்தான் முந்தி நடந்தது. கூடை செல்லாது. மீராசாவுக்கு ரெண்டு எறி."

இரண்டு ஊரும் சேர்ந்து ஏசின. அதுவரை கல்முனையும் பாலமுனையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மீராசா எறிகோட்டில் நின்றான். மாற்றுச் சாரன் இல்லை. கிழிந்ததை ஒரு கை பிடித்திருந்தது, விட்டால் ஊர்க் கட்டளை போய்விடும். மற்றக் கையால் எறிந்தான். முதலாவது எறி வளையத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது பந்து வளையத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாலமுனை தோற்றது.

மாஸ்டர் யாரையும் பார்க்காமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். கொஞ்சத் தூரத்தில் பஸ் வந்து உரசினாற்போல் நின்றது.

"ஏறுங்க மாஸ்டர்" என்றான் ஹஸன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஏறிட்டு, அந்தச் சாரன் ஞாயத்தை வடிவாச் சொல்லுங்க. எங்களுக்கு வெளங்கல்ல."

ஏறினார். சொன்னார். "அப்ப தொப்பி?" என்று ஒருவன் கேட்டான். "மச்சான்ட சாரனெண்டா மச்சானுக்குத்தானே எறி?" என்றான் இன்னொருவன். பாலமுனைச் சந்தி வந்தது. ஒருத்தனும் இறங்கவில்லை.

"நீங்க கதைங்க மாஸ்டர், ஒங்கட வீடு வரைக்கும் வாறம்" என்றான் மீராசா.