பிளந்த குழாயில் காந்தம் நிற்காது

பெண்டாட்டி குழாய்க்குள் தள்ளிவிட்ட காந்தப் பட்டறைக்காரன் தரைக்கு வந்து சேர ஆறு வருடம் ஆனது; அதிலும் கடைசிப் பாதித் தூரத்தை ஒரே நொடியில் கடந்தான்.

அந்தப் பட்டறையில் காந்தத்தைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. செம்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து காந்தத்தைப் போடுவார்கள். வீரியமுள்ளது தேன் வடிகிற மாதிரி இறங்கும். சொத்தை கல்லாக விழும். குழாயில் நெடுக வெட்டு இருந்தால் எப்பேர்ப்பட்ட காந்தமும் தடாலென்று விழுந்து உடையும். அதனால் குழாயைத் தடவிப் பார்ப்பது அவள் வேலை. காந்தம் இறங்கும்போது செம்புக்குள் மின்சாரம் சுழன்று அதைத் தாங்குகிறதாம், வெட்டு விழுந்தால் சுழல முடியாதாம். படித்தவர்கள் சொல்வதை எல்லாம் நம்பத் தேவையில்லை. வெட்டு விஷயம் மட்டும் நிஜம்.

காந்தத்தோடு புழங்கிப் புழங்கி அவனும் காந்தமாகிப்போனான். அடிக்க ஆயுதம் தேட வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். கரண்டி வரும், சங்கிலி வரும். கத்தரிக்கோல் வந்த நாளில்தான் அவளுக்கு இடது காது போனது. ரத்தம் ஒழுக லாரி ஓட்டும் அண்ணனிடம் ஓடினாள். "அடிக்கிற கைதாம்மா அணைக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று டீ வாங்கிக் கொடுத்து, அதே லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான் அண்ணன்.

பெரிய காந்தங்களைச் சோதிக்கவென்று மூன்று மாடி உயரத்துக்கு ஒரு செம்புக் குழாயை அவன் முற்றத்தில் நட்டிருந்தான். அதன் உச்சிப் பலகையில் நின்று ஒருநாள் ஸ்பேனரால் அவள் வலது கையை உடைத்தான். உடையாத கையால் அவள் தள்ளினாள்.

விழவில்லை, இறங்கினான். சோறு தண்ணி இல்லாமல் எப்படி இருந்தான் என்று கேட்பவர்கள் கோபத்தைத் தின்று வாழ்கிற ஆளைப் பார்த்ததில்லை. "வெளிய வந்தா உன் கழுத்த முறிப்பேன்டி" என்று குழாய் அதிரக் கத்துவான். அவன் இருக்கிற இடத்தில் செம்பு கொதிக்கும். அவள் அதில் கம்பி சுற்றி ஒரு பல்பு மாட்டிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ரொம்பக் கோவமோ? கண்ணு கூசுது" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆறாம் வருடம் அண்ணன் வந்தான். குழாய்க்குள் குரல் குழைந்தது. "மச்சான், நான் திருந்திட்டேன். வெளிய எடுங்க." அண்ணன் அழுதேவிட்டான்; ஓடிப்போய் அறுக்கும் மிஷினோடு வந்தான். அவள் குழாயைத் தொட்டாள். உள்ளங்கை பொத்துப்போனது. பல்பு எரிகிற எரிப்பில் சுவரே வெளுத்திருந்தது.

"திருந்துன ஆளுக்கு எதுக்குண்ணே இவ்வளவு சூடு?"

"வாய மூடு. எங்க வெட்டணும், அத சொல்லு."

அவன் நிற்கிற இடத்தில் ஒரு ஜன்னல் மாதிரி வெட்டச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியாததா?

"அடியிலேர்ந்து நெடுக வெட்டுண்ணே, அவரு கால் வரைக்கும். பிளந்து எடுத்துடலாம்."

அண்ணன் ஏணியில் ஏறி ஏறி வெட்டினான். மிஷின் உள்ளே நிற்கிறவன் முழங்கால் உயரத்தை எட்டியதும் பல்பு அணைந்தது. மேலே இருந்தவன் கீழே கிடந்தான், இரண்டு கால் எலும்பும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்க. அப்போதும் அவள் கழுத்தைப் பார்த்துத்தான் கையை நீட்டினான்.

ஆறு வருடக் கோபம் அல்லவா, எல்லாம் வந்தது. ஸ்பேனர் வந்தது, சங்கிலி வந்தது, அண்ணன் கையிலிருந்த மிஷின் சுழன்றபடியே வந்தது. ஏணியும் வந்தது, அண்ணன் விழுந்து தோளை முறித்துக்கொண்டான். கதவுகளில் இருந்த ஆணிகளும் அக்கம்பக்கத்து ஜன்னல் கம்பிகளும் வந்தன. சத்தம் அடங்கியபோது முற்றத்தில் ஓர் இரும்புக் குவியல் இருந்தது. ஆளைக் காணவில்லை.

அண்ணன் வலியில் ஊளையிட்டான். அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோண்ணே."

குவியல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஊசி தொலைத்த தையல்காரர்கள் நேராக அங்கே வந்து பார்த்து எடுத்துப் போகிறார்கள். இது என்ன என்று புதிதாக யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியை உதறி அதன்மேல் காயப்போடுகிறாள்.