நாலடி பைப்பும் ஒத்த நட்டும்

"அரை பாட்டில் பசை ஊத்தினேன்மா! இதுக்கு மேல ஒரு நட்டு என்னதான் கேக்கும்?"

"நட்டு சுத்தி ஏறுற மரையெல்லாம் எண்ணெயா இருந்துச்சே, தொடச்சீங்களா அத்தான்?"

அத்தான் கூரைய அண்ணாந்து பாத்தாரு, பதில் அங்க தொங்குற மாதிரி. சட்டையில, மூக்குக்கண்ணாடியில, புருவத்துல எல்லாம், நட்டு கழலாம இருக்க ஊத்துற அந்தப் பசை ஒட்டியிருந்துச்சு. ஒட்டாத ஒரே இடம் அந்த மரைதான்.

வண்டிக்கு அடியில படுத்திருந்தவ அவரோட மச்சினி. லாரி பட்டறையில ஏழு வருஷமா இன்ஜின் பிரிக்கிறவ. அத்தான் இதுவரைக்கும் பிரிச்சது ஒரே ஒரு மிக்ஸி. அதுவும் இன்னும் பிரிச்சபடியே கிடக்கு. ஆனா பேச்சைக் கேட்டா, காரைக் கண்டுபிடிச்சதே அவர்தான்னு நெனப்பீங்க.

விஷயம் இதுதான். அந்தப் பழைய கார்ல, இன்ஜினுக்குப் பின்னால சுத்துற கனமான இரும்புச் சக்கரம், அதான் ஃப்ளைவீல், ஒத்த நட்டுல நிக்குது. அது ரெண்டு தடவை கழண்டாச்சு. ரெண்டு தடவையும் மாட்டினது நம்ம மேதை! இன்னொரு தடவை கழண்டா சக்கரம் ஆடி ஆடி, அது மாட்டியிருக்கிற இன்ஜின் தண்டையே, அதான் க்ராங்க் ஷாஃப்டையே தின்னுடும், வண்டி நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான். மச்சினியோட அக்காவுக்கோ, அதான் அத்தானோட வீட்டுக்காரிக்கு, திங்கக்கிழமை புது வேலை. அம்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது.

மச்சினி மரைய பளபளன்னு தொடச்சா. நட்டு கழலாம பிடிக்கிற தகர வளையம், லாக் வாஷர், புதுசா ஒண்ணு போட்டா. இறுக்கத்தை அளக்குற டார்க் ரெஞ்ச் 'டக்'குனு சொல்ற வரைக்கும் இழுத்தா, அதுக்கு மேல ஒரு நூல் கூட இழுக்கல. வாஷர் ஓரத்துல நீட்டிட்டு இருந்த காதை நட்டுமேல மடிச்சுத் தட்டினா. கடைசியா நட்டுலேர்ந்து சக்கரம் வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு. நட்டு அசைஞ்சா கோடு காட்டிக் குடுத்துடும்.

"இந்தத் தகரக் காதா நட்டைப் பிடிக்கப் போகுது?"

"உங்க காது மாதிரி சும்மா ஒட்டிட்டு இருக்காது அத்தான். வேலை பாக்கும்."

கை கழுவப் போனா. அஞ்சே நிமிஷம்! திரும்பி வந்தா கோடு ரெண்டா நிக்குது. காது நிமிந்து, மறுபடி மடிஞ்சு, ஓரத்துல வெடிச்சிருக்கு. அத்தான், ஸ்பேனர் பிடியில சொருகி இழுத்த நாலடி பைப்பை முதுகுக்குப் பின்னால ஒளிச்சிட்டு நிக்குறாரு. பைப்பு அவர் தலைக்கு மேல எட்டிப் பாக்குது.

"சேஃப்டிக்கு ஒரு இழுப்பு. டைட்தானே பண்ணேன்?"

"மரை பிச்சுக்கிட்டா? காது உடைஞ்சு போச்சு, இனி நட்டை யாரு தடுப்பா? நீங்க உள்ள போய் உக்காந்துக்குறீங்களா?"

அக்கா வாசல்ல வந்து நின்னா. "வண்டி ரெடியா?"

சொல்லிடாதன்னு அத்தான் கண்ணாலயே கெஞ்சினாரு.

"வண்டி ரெடியாத்தான்கா இருந்துச்சு. உன் வீட்டுக்காரர் சும்மா இருக்காம வாஷரை உடைச்சுட்டாரு."

அக்கா கையை மட்டும் நீட்டினா. பைப்பு கை மாறுச்சு.

"போய் புது வாஷர் வாங்கிட்டு வாங்க. நடந்து"ன்னா அக்கா.

நட்டைக் கழட்டிப் பாத்தப்போ மரை எப்படியோ பொழச்சிருந்துச்சு. மச்சினி மறுபடி முதல்லேர்ந்து பூட்டினா. அக்கா ஒரு மாசமா வேலைக்குப் போய் வர்றா, வண்டியில ஒரு சத்தம் இல்ல.

அந்தப் பைப்புல இப்ப துணி காயுது. அத்தான் அதைத் திரும்பக் கேக்குறாரு. வாஷிங் மெஷின்ல ஒரு நட்டு லூஸா இருக்காம்! குடுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?