ஒருத்தி போனால் போதும்

கோல்கீப்பராக நிற்பவளுக்கு ஒரு வசதி உண்டு. ஆடுகிற பத்துப் பேரின் முதுகையும் அவளால் பார்க்க முடியும். ஒரு கஷ்டமும் உண்டு. பந்து உள்ளே போய்விட்டால் அந்தப் பத்துப் பேரும் திரும்பி அவளைத்தான் பார்ப்பார்கள். லீக்கின் கடைசி மூன்று ஆட்டங்களில் என்னை அப்படி ஏழு முறை பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த மூன்று வாரமும் என் வாயிலிருந்து தப்பித்தவர்கள் யாருமில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் கால்பந்து அணி. எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எனக்கு முன்னால் பின்வரிசையில் மூன்று பேர். பிசியோ, முழங்கால்களையும் முதுகுகளையும் நிமிர்த்துகிறவள். வாயாடி, பிரசவ வார்டு நர்ஸ். நடுவில் பெரியக்கா, அவசரப் பிரிவு நர்ஸ், எங்கள் கேப்டன். பெரியக்கா என்னைவிட இரண்டு மாதம் சின்னவள்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவள் பெரியக்கா. தலைமை டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். நான் மட்டும் நீ, வா, போ என்று பேசுவேன். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

பயிற்சி கொடுப்பவர் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன். எட்டு அணிகள் ஆடும் லீக்கில் பதினோரு ஆட்டம் வரைக்கும் எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. முதலிடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தோம். அப்புறம் வங்கி அணியிடம் தோற்றோம், தபால் அலுவலக அணியிடம் தோற்றோம், கடைசியில், ஒப்புக்கு ஆட வருகிற பிஸ்கட் கம்பெனி அணியிடமும் தோற்றோம். மூன்றாமிடத்துக்கு இறங்கி, அரையிறுதிக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்தோம். அரையிறுதியில் மறுபடியும் அதே வங்கி அணி.

ஏன் தோற்றோம் என்று எங்களுக்குப் புரியவில்லை. வயசாகிவிட்டது என்றாள் பிசியோ. நைட் டூட்டி அதிகம் என்றாள் வாயாடி. கோல்கீப்பர் சரியில்லை என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

காரணத்தைச் சொன்னவள் என் நாத்தனார். தபால் அலுவலகத்தில் கவுண்ட்டரில் உட்காருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா கோவிச்சுக்கத்தான் செய்வேன். சொல்லு."

"உங்க டீமோட ஆடினா ரொம்ப ஓடவே வேணாமாம். பாக்ஸ் பக்கத்துல போய் 'ஐயோ அம்மா'ன்னு விழுந்தா போதுமாம். உங்க ஆளுங்க பந்தை விட்டுட்டு வைத்தியம் பார்க்க வந்துடுவாங்களாம். எங்க ஆபீஸ்ல பொண்ணுங்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க."

எனக்கு வெங்காயம் இல்லாமலேயே கண் எரிந்தது.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், நர்ஸ்கள் ஓய்வறையில் அணி முழுவதும் கூடினோம். வாயாடியின் வீட்டுக்காரர் எல்லா ஆட்டத்தையும் போனில் எடுத்து வைத்திருந்தார். டிரைவர் அண்ணன் அதைச் சுவரில் இருந்த டிவியில் போட்டார். வங்கி அணியின் முன்கள ஆட்டக்காரி ஒருத்தி, குதிரைவால் கூந்தல்காரி, காலைப் பிடித்துக்கொண்டு அலறி விழுகிறாள். நடுவர் விசில் ஊதவில்லை. ஆனால் எங்கள் பின்வரிசை நின்றுவிட்டது. பெரியக்கா மண்டியிட்டு அவள் கணுக்காலைத் தொடுகிறாள். பிசியோ மறுபக்கம். வாயாடி தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள், ஏதோ பிரசவ வலி மாதிரி. பின்னால் பந்து என் வலைக்குள் போகிறது. உடனே குதிரைவால்காரி துள்ளி எழுந்து கோல் போட்டவளைக் கட்டிப் பிடிக்கப் பறக்கிறாள். வாயாடியின் மடி காலி.

டிரைவர் அண்ணன் ஒவ்வொரு கோலாகப் போட்டுக் காட்டினார். ஏழில் ஆறு இப்படித்தான். முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் படித்து, இத்தனை உயிரைக் காப்பாற்றி, கடைசியில் சிரிப்பாய்ச் சிரிக்கும்படி ஆகிவிட்டோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

"இனிமே ஒரு சட்டம்," என்றார் டிரைவர் அண்ணன். "ரெஃப்ரி விசில் அடிக்கறவரைக்கும் எவ விழுந்தாலும் யாரும் திரும்பக் கூடாது. திரும்பறவங்க வெளிய உட்காரணும். கேப்டனா இருந்தாலும் சரிதான்."

எல்லாரும் பெரியக்காவைப் பார்த்தோம். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா என்னை இப்பவே உட்கார வெச்சிடுங்கண்ணே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "வலிக்குதுன்னு ஒருத்தி கத்தினா நான் போவேன். போகமாட்டேன்னு இங்க சொல்லிட்டு அங்க போனா அது பொய். எனக்கு அது வேணாம்."

"அவ நடிக்கறா!" என்று நான் கத்தினேன். "கண்ணால பார்த்தியே! உன்னால ஆறு கோல். திட்டு வாங்கறது நான்!"

"தெரியுது. ஆனா விழும்போது நடிப்பா நிஜமான்னு தூரத்துலேர்ந்து உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

டிரைவர் அண்ணன் அரையிறுதிக்கான பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார். பதினான்கு ஆட்டம் ஆடி அணியை இங்கே கொண்டு வந்தவள், வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். அவள் சரி என்று எழுந்து டூட்டிக்குப் போய்விட்டாள். அவள் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் இல்லாமல் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்பதை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், கட்டட வேலை நடந்த இடத்தில் சாரம் சரிந்து ஐந்து பேரை ஒரே நேரத்தில் கொண்டு வந்தார்கள். நான் ரத்தப் பைகளை எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினேன். வழக்கமாக வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று கையெழுத்துப் போட ஆளில்லாமல் உள்ளே நிற்க வேண்டியதாயிற்று.

ஐந்து பேரும் அலறுகிறார்கள். ஆனால் நர்ஸ்கள் யாரும் குறுக்கும் நெடுக்கும் ஓடவில்லை. நடுவில் பெரியக்கா நிற்கிறாள். அவள் எதையும் தொடவில்லை. பார்க்கிறாள், ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கட்டிலைக் காட்டுகிறாள். "முதல் கட்டில், நீ போ. மூணாவது, நீ போ. மத்தவங்க அவங்கவங்க இடத்துல நில்லுங்க." பேர் சொல்லப்பட்டவள் மட்டும் போகிறாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் எவ்வளவு கத்தினாலும் தன் கட்டிலை விட்டு ஒருத்தியும் நகரவில்லை. அந்தக் கத்தலுக்கு வேறொருத்தி வருவாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து பேரும் பிழைத்தார்கள். அவளை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பைகளைக் கொடுத்துவிட்டு நேராக ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் அண்ணன் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம தப்பு போறது இல்ல. மூணு பேரும் போறதுதான் தப்பு," என்றேன். "வார்டுல யார் போகணும்னு சொல்ல ஒரு ஆள் இருக்கா. கிரவுண்டுல யாரும் சொல்றதில்ல. அதான் எல்லாரும் ஓடறாங்க."

அவர் காற்றுக் குழாயைக் கீழே வைத்தார். "சரி, கிரவுண்டுல யார் சொல்றது?"

"எல்லாருடைய முதுகையும் பார்க்கறவ. நான் சொல்றேன். ஒருத்தி போவா. மத்தவங்க நெருங்கி நின்னு அவ இடத்தை அடைக்கணும். பேரை அடிச்சீங்களே, திரும்ப எழுதுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "பத்துப் பேரோட ஆடணும்."

"பத்துப் பேரோட ஆடலாம். இப்ப எட்டுப் பேரோட ஆடிட்டு இருக்கோம்."

அவர் சிரித்துவிட்டார். பெரியக்காவின் பெயர் திரும்ப ஏறியது.

இருந்த பத்து நாளும் அதையே பழகினோம். விழுந்து நடிக்கும் வேலை வாயாடிக்கு. தினமும் கேட்கிற அலறல் ஆயிற்றே, பிய்த்து உதறினாள். வெளி நோயாளிகள் பகுதியிலிருந்து இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். அவள் விழுவாள், நான் பேர் சொல்வேன், ஒருத்தி போவாள், மற்றவர்கள் நெருங்கி நிற்பார்கள். மூன்றாம் நாள் வரை பிசியோவின் கால் தானாகவே விழுந்தவள் பக்கம் போயிற்று. போகாமல் நிற்பதற்கு அவள் கையை இடுப்பில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பது வயதில் தங்களுடைய நல்ல குணத்தைத் திருத்தாமல், அதை வரிசையில் நிற்கப் பழக்கினார்கள் இந்தப் பெண்கள். எட்டு மணி நேரம் வார்டில் நின்ற கால்களோடு வந்து பழகினார்கள். என் அணி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அப்போது ரொம்பப் பெருமையாக இருந்தது.

அரையிறுதி. முதல் பாதியிலேயே குதிரைவால்காரி இரண்டு முறை விழுந்தாள். "பிசியோ, போ!" என்றேன். பிசியோ போனாள், மற்றவர்கள் அடைத்தார்கள், பந்து வெளியே போயிற்று. பிசியோ அவள் முட்டியில் ஒரு அழுத்து அழுத்த, நடிப்பு அலறல் நிஜ அலறலாக மாறியது. அடுத்த முறை வாயாடியை அனுப்பினேன். மூச்சை இழுத்து விடு, இழுத்து விடு என்று அவள் விடாமல் சொல்ல, தாங்க முடியாமல் அந்தப் பெண்ணே எழுந்து ஓடினாள். இரண்டாம் பாதியில் இன்னொரு முறை விழுந்தாள். அதுவும் பலிக்கவில்லை. எழுபதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம்.

முடிய ஒரு நிமிடம். வங்கி அணி மொத்தமாக மேலே ஏறி வந்திருந்தது. பந்து எங்கள் வலது பக்கத்தில் அவர்கள் காலில். தலைக்கு மேலே அங்கே பறந்த அந்தப் பந்துக்கு இடது பக்கம் எம்பியிருந்த குதிரைவால்காரி தரையில் இறங்கி, அப்படியே உட்கார்ந்தாள். அவளை யாரும் தொடக்கூட இல்லை. முன்பெல்லாம் அலறியவள் இந்த முறை சத்தமே போடவில்லை. நடித்து நடித்து அவளுக்கே அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பெரியக்கா. அவள் போகவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பேச்சு பேச்சுதான், நான் சொன்னால்தான் போவாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பந்து உள்ளே வரப்போகிறது, என் முன்னால் இருக்கிற மிக நல்ல ஆட்டக்காரியை ஒரு பொய்க்காரியிடம் எதற்கு அனுப்ப வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பெரியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து உனக்குத் தெரியுமா என்று அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரியாது.

"பெரியக்கா, போ!"

அவள் போனாள். பந்து சரியாக அவள் விட்ட இடத்துக்கு வந்தது. வாயாடி குறுக்கே விழுந்தாள், பிசியோவின் தோளில் பட்டுத் திரும்பியது, மறுபடியும் அடித்தார்கள். நான் பாய்ந்ததுதான் தெரியும். பந்து என் நெஞ்சுக்குக் கீழே இருந்தது, வாயெல்லாம் மண். அதை வெளியே உதைத்தேன். ஆட்டம் முடிந்தது என்று நடுவர் விசில் ஊதிவிட்டார்.

எல்லாரும் என் மேல் வந்து விழுந்தார்கள். வாயாடி என் காதில் அவளுடைய சிறந்த அலறலை அலறினாள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். பெரியக்கா வரவில்லை. இடது பக்கம் மண்டியிட்டு, குதிரைவால்காரியின் முழங்காலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தசைநார் போயிருக்கு," என்றாள் எனக்குப் பின்னால் வந்த பிசியோ. "யாரும் தொடாம குதிச்சு இறங்கும்போதே இது போயிடும். காலை யாரும் நீட்டாதீங்க." டிரைவர் அண்ணன் வண்டியை எடுக்க ஓடினார்.

அந்தப் பெண் பெரியக்காவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவளுடைய அணிக்காரிகள்கூட அவள் நடிக்கிறாள் என்று நினைத்து அதுவரை கிட்டே வரவில்லை.

"இன்னைக்கு மூணு தடவை நடிச்சேன்," என்றாள் அவள். "இதை மட்டும் எப்படிக்கா நம்பினீங்க?"

"நம்பினேன்னு யார் சொன்னா?" என்றாள் பெரியக்கா, முழங்காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்து பார்த்தேன். அவ்வளவுதான்."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் எண்ணிய அந்த மூன்று விநாடியைப் பற்றிப் பெரியக்கா அன்றைக்கும் கேட்கவில்லை, இதுவரைக்கும் கேட்கவில்லை. வண்டி வந்ததும் அவள் நிமிர்ந்து, சுற்றி நின்ற எங்களைப் பார்த்து ஒரே ஒரு பேரைச் சொன்னாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவள் பேர் சொல்லி அனுப்பியது என்னைத்தான்.