சரிபார்க்கப்பட்ட முதுகு

கடைத்தெருவில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்', தலை மறைந்ததும் 'எடைக்கல்'. முப்பத்தோரு வருஷம் தராசு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை எளிது. கடைகடையாகப் போய்த் தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னால் பறிமுதல், சொல்லாவிட்டால் முத்திரை. அரசாங்கம் கொடுத்த பித்தளைக் கல் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் மாதிரி நுழைவார். கல்லைத் தட்டில் வைப்பார். கல்லின் எடை அவருக்குத் தெரியும். தராசுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த முறைக்குத் தப்பியவர்கள் கிடையாது. ஒரு மளிகைக்காரர் பூனையைப் பழக்கி வைத்திருந்தார். சாமான் நிறுக்கும்போது அது வாலை மட்டும் தட்டின் ஓரத்தில் வைக்கும். நிறுத்து முடிந்ததும் எடுத்துக்கொள்ளும். எடைக்கல் மூன்று நாள் எதிர்க்கடையில் நின்று கவனித்து, வாலைத் தனியாக நிறுத்து, நாற்பது கிராம் என்று அறிக்கை எழுதி, வாலிலேயே ஊதா மையில் முத்திரையும் குத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பூனை யார் தட்டிலும் வால் வைத்ததில்லை. நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவருக்கு முதுகு போயிற்று. குளியலறையில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பிலிருந்து வலது கால் கட்டைவிரல் வரை யாரோ காய்ச்சிய கம்பியைச் செருகிய மாதிரி இருந்தது. மனைவி வந்து கேட்டபோது சோப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே முதுகெலும்பு நிபுணர் படத்தை விளக்கில் மாட்டிப் படத்தோடு பேசினார். எடைக்கல் பக்கம் அவர் திரும்பியது ஒரே தடவை, அதுவும் பின்னாலிருந்த கடிகாரத்தைப் பார்க்க. இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிணைத்துவிட வேண்டும் என்றார். நாலு திருகாணி, ரெண்டு கம்பி. அடுத்த வாரமே. பீரோவுக்குக் கீல் மாற்றுகிறவன்கூட இரண்டு தரம் திறந்து மூடிப் பார்ப்பான். எடைக்கல் அந்த நிமிஷமே அவருக்குத் திருகாணி என்று பெயர் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னார்: "இன்னொருத்தர்கிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க. பழைய சோபாவை விக்கறதுக்கே மூணு பேரைக் கேட்டீங்க."

எடைக்கல் குப்புறப் படுத்தபடி யோசித்தார். வேண்டாத கத்தி பட்டாலும் படுத்துக் கிடக்கப்போவது அவர்தான். வேண்டிய கத்தியைத் தள்ளிப் போட்டுக் கால் போனாலும் அவர் கால்தான். இன்னொருவரைக் கேட்கலாம். ஆனால் ஒரு தராசு அஞ்சு என்கிறது, இன்னொன்று மூணு என்கிறது என்றால் எதை நம்புவது? மூன்றாவது தராசையா? முப்பத்தோரு வருஷ உத்தியோகம் அவரை அவ்வளவு அப்பாவியாக விட்டுவைக்கவில்லை. தெரியாத எடையை வைத்துத் தராசைச் சோதிக்கிறவன் மடையன். தெரிந்த கல்லை வைக்க வேண்டும். அதாவது, நல்ல முதுகு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு முதுகை.

அந்த முதுகு பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி. மரச்சாமான் கிடங்கில் மேற்பார்வையாளர், வயது ஐம்பத்தாறு. பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி ஏற்றுவார், துணிமணியோடு. ஒரு தடவை உள்ளே தூங்கிப்போயிருந்த வீட்டுக்காரரோடு சேர்த்து ஏற்றிவிட்டு, 'இந்த மரம் கொஞ்சம் கனம்' என்று மட்டும் சொன்னவர். முதுகுவலி என்ற வார்த்தையை அவர் பயன்படுத்துவது அடுத்தவர்களைக் கேலி செய்யத்தான். அவருக்கிருந்த ஒரே குறை செருப்பு. நாலு மாதமாக இடது கால் செருப்பு நடக்க நடக்கக் கழன்று விழும். ஐந்து ஜோடி மாற்றிவிட்டார். செருப்பிலும் இப்போதெல்லாம் கலப்படம் என்று எடைக்கல்லும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"உங்க பேர்ல நான் போய்ப் படுக்கணுமா, அத்தான்?" என்று மச்சினன் கேட்டார்.

"படுத்தா போதும் மாப்ளே. வாயைத் திறக்க வேணாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா?"

"அதுக்குத்தானே உன்னையப் படுக்க வைக்கறது."

தூரத்தில், தெரிந்தவர் யாரும் இல்லாத ஸ்கேன் நிலையத்தில், எடைக்கல்லின் பெயரையும் வயதையும் சொல்லிக்கொண்டு மச்சினன் படுத்தார். படம் வந்தது. கூடவே அச்சடித்த அறிக்கையும் வந்தது. அறிக்கையை எடைக்கல் மடித்த மடிப்புக் கலையாமல் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சோதனைக்கு வந்த தராசுக்கு விடையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தான் படிக்கலாமே என்றால், தெரிந்த விடையை எதற்குப் படிப்பது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளரின் பித்தளைக் கல்லையே வருஷா வருஷம் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்பது விதி. தேய்ந்த கல்லால் நல்ல தராசைக் கெடுத்துவிடக் கூடாது பாருங்கள். முப்பத்தோரு வருஷமும் தவறாமல் அனுப்பியவர் அவர். மச்சினனை எங்கேயும் அனுப்பத் தோன்றவில்லை.

புதுப் படத்தோடு முதலில் திருகாணியிடமே போனார். திருகாணி படத்தை மாட்டினார், உதட்டைப் பிதுக்கினார். போன தடவையைவிட மோசம், இதற்கு மேல் தள்ளிப் போட்டால் பாதம் தூக்க வராது என்று படத்திடம் சொன்னார். எடைக்கல் வெளியே வந்து, வலியோடு வலியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பீரோ தூக்குகிற முதுகுக்கே ஆணி அடிக்கப் பார்க்கிறான் திருடன். பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதினார்: பறிமுதல்.

இரண்டாமவர் கண்ணாடிக் கட்டடத்தில், சுழல் நாற்காலியில் இருந்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் அதே எலும்பு, அதே திருகாணி, அதே கம்பி. ஒரே ஆளிடம் பாடம் படித்த திருடர்கள் என்று எடைக்கல் முடிவு கட்டினார். பறிமுதல்.

மூன்று வாரம் காத்திருந்து பார்த்த மூன்றாமவர் வேறு ஜாதி. அறையின் நாலு சுவரிலும் சான்றிதழ். இடம் போதாமல் கதவுக்குப் பின்னாலும் இரண்டு. படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எடைக்கல் அதைக் கவனிக்கத்தான் செய்தார். அனுபவசாலி எப்படிப் பிடித்தாலும் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன சார், இருபத்தஞ்சு வயசுப் பையன் முதுகு இது" என்றார் சான்றிதழ்க்காரர். வாயுதான், வேறொன்றுமில்லை. தன்னிடமுள்ள அதிர்வு மேஜையில் இருபது நாள் படுத்தால் சரியாகிவிடும்.

எடைக்கல்லுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊழல் உலகத்தில் கடைசியில் ஒரு நேர்மையான தராசு. முத்திரை, என்று குறிப்பேட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டார்.

அதிர்வு மேஜை என்பது மாவு சலிக்கிற சல்லடையை ஆள் அளவுக்குச் செய்தது. மச்சினன்தான் தினமும் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதெல்லாம் அந்த வாசல்படியில் மச்சினன் தடுக்கினார். படியை ஒழுங்காகக் கட்டவில்லை என்று இருவரும் கொத்தனாரை ஏசினார்கள். ஆறாவது நாள் எடைக்கல்லால் தன் கால்சட்டையைத் தானே மாட்ட முடியவில்லை. மனைவி மாட்டிவிட்டார். மாட்டிவிட்டுக்கொண்டே, மூன்று டாக்டர்களையும் எடைக்கல்லையும் ஒரே மூச்சில் சேர்த்து வைத்து, அச்சில் போட முடியாத ஒரு கருத்தைச் சொன்னார். மறுநாள் காலை மனைவியே போய்ப் பொது மருத்துவமனையில் சீட்டு வாங்கிவிட்டார்.

அங்கே ஓர் அம்மா டாக்டர். சின்ன அறை, ஒரு மர ஸ்டூல், ஒரு கட்டில், ஒரு ரப்பர் சுத்தி, வாசலுக்கு வெளியே படிக்கட்டு வரை வரிசை. சான்றிதழ் ஒன்றையும் காணோம். எடைக்கல்லுக்கு இளக்காரமாக இருந்தது. இருந்தாலும் சோதனை சோதனைதான். மச்சினனின் படத்தையே நீட்டினார். தன் சொந்தப் படம் மனைவியின் பையில் கிடந்தது.

அந்த அம்மா படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு நடங்க."

"படம் பார்க்கலையா டாக்டர்?"

"படம் எங்கயும் ஓடிடாது. நீங்க நடங்க."

குதிகாலில் நடக்கச் சொன்னார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். படுக்க வைத்து ஒவ்வொரு காலாக உயர்த்தினார். கால்விரல் இடுக்குகளில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். முட்டியில் சுத்தியால் தட்டினார். இத்தனை நாளில் எடைக்கல்லை ஒரு டாக்டர் தொட்டது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் அந்த அம்மா படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடியும் படத்தை.

"இது யாரோட முதுகு?"

"பேர் போட்டிருக்கே டாக்டர்."

"பேர் உங்களோடதா இருக்கலாம். முதுகு உங்களோடது இல்ல. இந்த முதுகுக்காரருக்கு இடது பாதம் தூக்கவே வராது. உங்களுக்குக் கோளாறு வலது பக்கம், அதுலயும் குதிகால்ல நல்லாத்தான் நடக்கறீங்க."

வாசலில் டப்பென்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுக்க வந்த மச்சினன், கழன்று போன இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மா மூக்கின் நுனியிலிருந்த கண்ணாடி வழியாகச் செருப்பைப் பார்த்தார், பிறகு காலை.

"நீங்க உள்ள வாங்க. அதையும் கழட்டிடுங்க. குதிகால்ல நில்லுங்க."

மச்சினன் நின்றார். வலது பாதம் தூக்கியபடி நின்றது. இடது பாதம் தூக்கிய வேகத்தில் தரையில் அறைந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி அறைந்தது.

"செருப்பு சரியில்லீங்க" என்றார் மச்சினன், வெறுங்காலோடு.

எடைக்கல் மெதுவாகத் தன் முறையை விளக்க ஆரம்பித்தார். பித்தளைக் கல், தட்டு, தெரிந்த எடை. அந்த அம்மா கடைசி வரை கேட்டார். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"முப்பத்தோரு வருஷம் இதே வேலை பார்த்தீங்களா?"

"ஆமா டாக்டர்."

"கல்லை நிறுத்துப் பார்த்தீங்களா?"

கடைக்காரர்கள் எத்தனையோ பேர் அவர் முன்னால் இப்படி வாயடைத்து நின்றிருக்கிறார்கள். நிற்கிறவன் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மனைவி பையிலிருந்து நிஜப் படத்தை எடுத்துக் கொடுத்தார். எடைக்கல்லுக்கு இப்போது கத்தி வேண்டாம்; அந்தச் சல்லடையில் போய்ப் படுக்காமலிருந்து, ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு வரட்டும் என்று தீர்ப்பாயிற்று. மச்சினனுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. எலும்பு நழுவி நரம்பை அமுக்குகிறது. பிணைத்தே தீர வேண்டும். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் பாதம் முழுசாகத் திரும்பியிருக்கும், இப்போது உறுதி சொல்ல முடியாது என்று அந்த அம்மா சொன்னபோது, அந்த ஒரு மாதம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. குறிப்பேடு எடைக்கல்லின் பையில்தான் இருந்தது.

பீரோ தூக்குகிறவரின் முகம் சுண்டிப் போயிருந்தது.

"அத்தான், எதுக்கும் இன்னொருத்தர்கிட்டக் கேட்டுட்டு..."

"மூணு பேர்கிட்டக் கேட்டாச்சு மாப்ளே. உன் முதுகைத்தான் கேட்டேன். ரெண்டு பேர் சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் அவங்களைத் திருடன்னு எழுதி வச்சேன்."

அந்த ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகள் அங்கே இல்லை. அந்த அம்மா எழுதிக் கொடுத்தது திருகாணியின் பெயரை. எடைக்கல் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கை நல்ல கை. கண்ணுதான் படத்தை விட்டு இறங்காது. பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்த்துக்கங்க" என்றார்.

மச்சினன் தன் சொந்தப் பெயரில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் திருகாணி வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்த முதுகை எனக்குத் தெரியுமே. போன மாசமே சொன்னேன், கேட்டீங்களா?"

கட்டிலில் கிடந்த மச்சினனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு தடவை எதிரில் வந்து உட்கார்ந்த எடைக்கல், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். திருகாணி அவரிடம், கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சினன் எடைக்கல்லைப் பார்த்தார். எடைக்கல் கதவைச் சாத்தினார். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டிய முத்திரையும் ஊதா மைப் பெட்டியும் எப்படியோ அவர் பைக்குள் இருந்தன. மச்சினனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி, இடுப்புக்கு மேலே சரியான இடத்தில், பூனைக்குக் குத்தியதைவிட அழுத்தமாகக் குத்தினார். சரிபார்க்கப்பட்டது. கீழே தேதி. தேதிக்குக் கீழே, கையெழுத்தில்: இந்த ஆள்தான்.

ஆபரேஷன் அறையில் திருகாணி படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒரு முதுகை முழு நிமிஷம் பார்த்தார் என்றும், பத்து வருஷத்தில் இப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றும் நர்ஸ் வெளியே வந்து சொன்னார். பார்த்ததாகச் சொல்வது மரியாதைக்கு. எழுத்து இருந்ததால் படித்தார், அவ்வளவுதான்.

பாதம் முக்கால்வாசி திரும்பியது. மீதிக் கால்வாசிக்கு எடைக்கல் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். கடையில் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், கடைசியில் மச்சினனையே போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். செருப்பைப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, மச்சினன் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.