சார்ந்திருப்பவர் என்ற கட்டம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் எங்கள் ஊர் நூலகம் மூடிக் கிடந்தது. அங்கே காசு வாங்காமல் உட்கார்ந்து ஏழை எளியவர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எங்கள் நாலு பேருடைய கைபேசி எண்களைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கெல்லாம் கிழவர்களின் குரல்.

"ஏம்மா, ரிட்டையர் ஆனவங்களுக்கும் அந்த ஆயிரத்து இருநூறு டாலர் உண்டா?"

உண்டு. தொற்றுக்கால நிவாரணமாக அரசாங்கம் ஆளுக்கு ஒரு தடவை தந்த தொகை அது. முதலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். ஓய்வூதியம் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் இதுவும் வரும். நான் எல்லாரிடமும் இரண்டு வாக்கியம் சொல்வேன். ஒன்று: "வரும்." இரண்டு: "வேற யாரும் உங்களை அவங்க வரிப் படிவத்துல சார்ந்திருப்பவர்னு காட்டாம இருந்தா." முதல் வாக்கியத்திலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

ஜெனிவீவ் பெட்ராக்கும் அப்படித்தான் வைத்தார்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"மோனோங்கஹீலா ஆற்றின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு—"

வேண்டாம். ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய ஜெனிவீவுக்குத் தன் வீட்டில் ஒரு கதவு இல்லை."

இது பரவாயில்லை. கதவு நிஜம். கணவர் போன பிறகு சொந்த வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மகன் டுவெய்னோடு வந்து தங்கினார். வாஷிங் மெஷின் அறையைக் குறுக்கே தடுத்து ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கதவுக்குப் பதில் திரைச்சீலை. டுவெய்ன் துணி துவைக்க வேண்டுமென்றால் அம்மாவின் கால்மாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தேவாலயத்துக்குப் பின்னால் முதியோர் குடியிருப்பு ஒன்று உண்டு. ஜெனிவீவ் அங்கே பேர் எழுதிவைத்து இரண்டு வருடம் காத்திருந்தார். அந்த மார்ச்சில் அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி, ஒற்றை அறை. மே முடிவதற்குள் முன்பணமும் முதல் மாத வாடகையும் கட்ட வேண்டும். அரசாங்கம் தருவதாகச் சொன்ன தொகை ஏறக்குறைய அதற்குச் சரியாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் மறுபடி கூப்பிட்டார்.

"வேதா கண்ணு, பக்கத்து வீட்டு பெர்னிஸுக்கு வந்துடுச்சு. எனக்கு ஏன் வரல?"

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் ஜெனிவீவ்."

"செக்கைக் கொண்டுவந்து ஜன்னல்ல ஒட்டிக் காட்டறா, பல்லை இளிச்சுக்கிட்டு. கண்ணாடி மட்டும் நடுவுல இல்லன்னா புடுங்கிட்டு ஓடியிருப்பேன்."

"இடுப்பு வலியோட எவ்வளவு தூரம் ஓடுவீங்க?"

"அவளைவிட வேகமா ஓடுவேன். அது போதும்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்பக்கம் தாழ்ப்பாள் வெச்ச கதவு கண்ணு, அந்த மூணாவது மாடியில. போய்ப் பாத்தேன். மூணு தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன். அந்த மேனேஜர் பொண்ணு நான் பைத்தியம்னு நினைச்சிருப்பா."

3

மகனைப் பற்றி.

தமிழில் எழுதுவதில் ஒரு தொல்லை. டுவெய்னை 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. டுவெய்னுக்கு ஐம்பத்தொரு வயது. உணவு விடுதிகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். மார்ச்சில் விடுதிகள் மூடியதும் வேலை போயிற்று. முதல் வரைவில் நான் 'அவன்' என்று எழுதிய காரணம் வயதல்ல, கோபம். அந்த வரைவில் டுவெய்ன் குடித்தான், அம்மாவிடம் கத்தினான், அவரது பணத்தைத் தின்றான். ஒன்றும் உண்மையில்லை. அவனுக்கும் ஆயிரத்து இருநூறு வந்தது. அது வீட்டுக் கடனின் இரண்டு மாதத் தவணைக்குப் போனது. இரவில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பான், அவ்வளவுதான்.

இந்த வரைவிலும் 'அவன்' அப்படியே இருக்கட்டும். எங்கே மாற்ற வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

4

(இந்தக் காட்சியின்போது நான் அங்கே இல்லை. தாயும் மகனும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டிச் சேர்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனது, அதுதான் ஆச்சரியம்.)

மே முதல் வாரம். செக் வந்திருக்கிறதா என்று தெருமுனைத் தபால் பெட்டிவரை போய் வெறுங்கையோடு திரும்பிய ஜெனிவீவ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். டுவெய்ன் அடுப்பில் ஹாம் இறைச்சித் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்:

"இனிமே போகாதீங்கம்மா. அது வராது."

"உனக்கு யார் சொன்னா?"

"பிப்ரவரியில என் வரிப் படிவத்துல உங்க பேரைப் போட்டேன். சார்ந்திருப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பேர் இருந்தா வராதாம்."

"யாரைச் சார்ந்து?"

"என்னை."

ஜெனிவீவ் சிரித்தார். நிஜமாகவே சிரிப்பு வந்ததாம். "நானா? உன்னையா? மாசா மாசம் நானூறு டாலர் உன் கையில வைக்கறேன். கேஸ் பில் என் பேர்ல வருது. என் மாத்திரையை நான் வாங்கறேன். நீ வாட்டிக் கருக்கறயே, அந்த ஹாம்கூட நான் வாங்கினதுடா."

"ஐந்நூறு டாலர் வரி குறையும்னாங்க. போட்டேன். இப்படி ஒரு வியாதி வரும், அரசாங்கம் பணம் குடுக்கும்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்?"

"சரி. வராதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

ஹாம் கருகும் வாசனை வந்தது.

"டேய், எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்ல."

"மழையில போனேனேடா நான். பெர்னிஸ் பாத்துக்கிட்டு நிக்கறா. மழையில போனேன்."

"சொல்ல வாய் வரலம்மா."

ஜெனிவீவ் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். கருகாத துண்டுகளைப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தார்.

5

இதுவரை ஓர் ஆளை மறைத்திருக்கிறேன். நான்கு வரைவுகளில் மறைத்தேன்.

"ஐந்நூறு டாலர் வரி குறையும்னாங்க" என்று டுவெய்ன் சொன்னானே, சொன்னது யார்?

நான்தான். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நூலகத்தின் கீழ்த்தளம், வெளியே பதினாறு பேர் வரிசை. டுவெய்ன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுல உங்களைச் சார்ந்து யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க."

"அவங்க செலவுல பாதிக்கு மேல நீங்கதானே பாக்கறீங்க?"

"அப்படித்தான்னு நினைக்கறேன்."

நினைக்கிறேன் என்றால் போதாது. அதற்கென்று ஒரு கணக்குத்தாள் இருக்கிறது: இருக்கும் அறையை வெளியாருக்கு விட்டால் என்ன வாடகை, சாப்பாடு எவ்வளவு, மருந்து எவ்வளவு, யார் எதைக் கொடுத்தார். எடுத்து நிரப்ப இருபது நிமிடம் ஆகும். நான் எடுக்கவில்லை. கட்டத்தில் பேரை எழுதினேன். ஜெனிவீவ் பெட்ராக், தாய்.

ஆகவே ஏப்ரலில் "எனக்கு ஏன் வரல?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். ஒருவர் படிவத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றேன். மழையில் அவரை அனுப்பியது மகன் மட்டுமல்ல.

6

மகன் சொல்லித் தெரிந்த மறுநாள் கூப்பிட்டார். கட்டத்தை நிரப்பியது நான் என்று சொன்னேன்.

"சரி கண்ணு. இப்ப என்ன வழி?"

"உங்க பேர்ல நீங்களே ஒரு படிவம் போடலாம். நான் யாரையும் சார்ந்து இல்லன்னு."

"அவனுக்கு என்ன ஆகும்?"

"ரெண்டு படிவமும் மோதும். விசாரிச்சுக் கடிதம் வரும். அந்த ஐந்நூறைத் திருப்பிக் கட்டணும். மேல அபராதமும் வரலாம்."

"வேலை போன பையன் மேல அரசாங்கத்துக்கு நானே எழுதிப் போடணும். அதானே சொல்ற?"

"டுவெய்னே திருத்தின படிவம் குடுக்கலாம். ஆனா இப்ப எல்லா ஆபீசும் மூடியிருக்கு, மே முடியறதுக்குள்ள ஒண்ணும் நடக்காது. இல்லன்னா அடுத்த வருஷம் அவர் உங்க பேரைப் போடாம இருந்தா போதும். நீங்க கேட்டு வாங்கிக்கலாம். பணம் எங்கயும் போயிடாது."

"பணம் போகாது. வீடு போயிடுமே."

போயிற்று. ஜூன் முதல் தேதி அந்த அறையைப் பட்டியலில் அடுத்திருந்தவருக்குக் கொடுத்தார்கள்.

(நீங்கள் இங்கே கேட்பீர்கள்: உனக்கும் ஏப்ரலில் ஆயிரத்து இருநூறு வந்திருக்குமே, நீ கொடுத்திருக்கலாமே? கொடுக்க முன்வந்தேன், அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு வரைவில் எழுதினேன். அது பொய். எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது ஜூலை ஆகிவிட்டது.)

7

மாற்று முடிவுகள்:

அ. நான் பணம் கொடுக்கிறேன். ஜெனிவீவ் மூன்றாவது மாடிக்குப் போகிறார். பெர்னிஸ் ஒரு கேக்கோடு—

ஆ. ஜெனிவீவ் மகன் மேல் எழுதிப் போடுகிறார். இருவரும் பேசுவதில்லை. ஆனால் இருவரும்—

இரண்டையும் முடிக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பரில் டுவெய்னுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. நவம்பர் கடைசியில், நன்றிகூறல் விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு இருமல் வந்தது. அப்போதும் துணி துவைத்தாக வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டிலைத் தாண்டிப் போனானாம். டிசம்பர் இரண்டாம் தேதி ஜெனிவீவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. பதினோராம் தேதி ஒரு நர்ஸ் கையில் பிடித்த கைபேசித் திரையில் மகன் அம்மாவைப் பார்த்தான். "வண்டியை மெதுவா ஓட்டு" என்றாராம். அதற்குப் பிறகு பேச்சில்லை.

8

இங்கே மாற்றுகிறேன். அவர்.

2021 பிப்ரவரி. நூலகம் பாதி திறந்திருந்தது. எனக்கும் எதிரில் இருப்பவர்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் தொங்கியது. டுவெய்ன் உள்ளே வந்து இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தார்.

"அம்மாவோட கடைசிப் படிவம். ஆஸ்பத்திரியில குடுத்த பேப்பர்ல போட்டிருந்தது, நான்தான் போடணுமாம்."

சட்டம் இப்படி: 2020-இன் முதல் நாளில் உயிரோடு இருந்தால் போதும், அந்த வருடத்துக்குள் இறந்தவருக்கும் அந்தப் பணம் உண்டு. மகன் அவர் பெயரைத் தன் படிவத்தில் காட்டாவிட்டால். உயிரோடு கேட்டபோது தகுதியில்லாத ஜெனிவீவ், இறந்தபின் தகுதி பெற்றிருந்தார்.

இந்த முறை கணக்குத்தாளை எடுத்தேன். அறை வாடகை என்ற வரிக்கு வந்ததும் டுவெய்ன் என்னைப் பார்த்தார்.

"அந்த ரூமுக்கு என்னன்னு போடுவீங்க? தெருவுல யாரும் பத்து டாலர் குடுக்க மாட்டாங்க."

இருபத்தைந்து நிமிடம் ஆனது. முடித்துவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இவங்களை வேற யாராவது தன்னைச் சார்ந்திருப்பவர்னு காட்ட முடியுமா?"

"இல்ல. முடியாது. என்னிக்குமே முடியாது."

படிவத்தின் தலைப்பில் அம்மாவின் பெயருக்கு அருகே 'இறந்தவர்' என்று எழுதினேன். (பணம் ஏப்ரலில் வந்தது. என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அதை வைத்து இன்னொரு முடிவு எழுதச் சொன்ன நண்பர் உண்டு. மாட்டேன்.)

கையெழுத்துப் போடும் முன் டுவெய்ன் கேட்டார்:

"வேதா, ஜூன்ல அவங்க அந்த மூணாவது மாடிக்குப் போயிருந்தா, எனக்கு வந்த வியாதி அவங்களுக்கு வந்திருக்காது. இல்ல?"

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"அந்தக் குடியிருப்புலயும் நாலு பேர் போயிட்டாங்க டுவெய்ன்." (உண்மை. நாலு பேரும் முதல் மாடி.)

"அதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல." (அடுத்த வார்த்தை 'நானும்' என்று வரும். அதனால்தான்—)

"ஆமா."

மூன்றில் எதையும் நான் சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. பிளாஸ்டிக் தாளுக்கு அந்தப் பக்கம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்துகொள்கிறேன். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.