எல்ராயின் கடைசித் தொட்டி

மாம்பழம் போட்ட பியர், தேங்காய் போட்ட பியர், காலை உணவுக்குச் சாப்பிடும் தானியத்தைக் கொட்டிய பியர் என்று இந்த நாட்டில் இப்போது எதை வேண்டுமானாலும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் சங்கத்தில் அந்தக் கூத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் காய்ச்சியதாக இருக்க வேண்டும், ஜெர்மன் முறைப்படி காய்ச்சியிருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் குடியேறிய விஸ்கான்சினில் பிறந்துவிட்டு இதைக்கூடப் பிடிவாதமாகச் சொல்லாவிட்டால் எப்படி?

சங்கம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற நார்பர்ட் ராட்கே, அதாவது நான். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் டுவேன். ஏரிக்கரையில் சின்னதாக ஒரு பியர் ஆலை வைத்திருந்த எல்ராய் லெம்கி. அவன் மனைவி ஆர்டிஸ். எங்கள் நால்வரில் அவள் மூக்குதான் மூக்கு. மற்றவர்களுடையது சளி பிடிப்பதற்கு மட்டும் ஆனது.

எல்ராய் மார்ச் மாதம் இறந்துபோனான். நுரையீரல். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம், வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சியும் கேட்காமல் ஒரு தொட்டி டுங்கெல் காய்ச்சி, ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் போனான். டுங்கெல் என்பது ஜெர்மனியில் மூனிக் பக்கத்துக் கறுப்புப் பியர். கறுப்பு என்றாலும் கசக்காது. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மேல்தோல் போல மணக்கும். குளிர்ந்த அறையில் இரண்டு மாதம் கிடந்தால் தயாராகிவிடும்.

எட்டு மாதமாகியும் அந்தத் தொட்டி தயாராகவில்லை. அதுதான் விஷயம்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது காற்று கிளம்பும். அது தொட்டியின் மேலிருந்து ஒரு குழாய் வழியாக இறங்கி, தண்ணீர் வாளிக்குள் குமிழியாக வெளியேறும். சர்க்கரை தீர்ந்தால் குமிழி நிற்கும். ஆலை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கடிகாரம். வாளி சத்தம் அடங்கும்வரை எவனும் தொட்டியைத் தொட மாட்டான். எல்ராயின் வாளி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

கோடையில் டுவேன் சர்க்கரை அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்தான். சர்க்கரை துளியும் இல்லை. "காட்டு ஈஸ்ட் ஏதாவது உள்ளே புகுந்திருக்கும்" என்றான். அப்படியானால் புளித்திருக்க வேண்டும். மூடியருகே மூக்கை வைத்தால் புளிப்பு வாடையே இல்லை. பிறகு, குளிர்பதனத்தில் கோளாறு, சூடு ஏறி இறங்குகிறது என்றான். அதையும் சரிபார்த்தாயிற்று. கடைசியில் வாயை மூடிக்கொண்டான். படித்தவன் வாயை மூடுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கும்.

நான் அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. குமிழி ஒரே சீராக வரவில்லை. அவசரமாக இரண்டு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மறுபடி அவசரமாக இரண்டு. எல்ராயின் கடைசி வாரத்தில் நானும் ஆர்டிஸும் மாறி மாறி அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். அந்த மூச்சை நான் மறக்கவில்லை. அவளும் மறந்திருக்க மாட்டாள்.

ஆர்டிஸ் ஆலைக்கு மேலேதான் குடியிருந்தாள். ஆனால் இலையுதிர் காலம் வந்ததும் படுக்கையைக் கீழே கொண்டுவந்து தொட்டியறையில் போட்டுக்கொண்டாள். பியர் உறங்கும் அறை அது. பனிக்கோட்டு இல்லாமல் நிற்க முடியாது. அவள் இளைத்து, கன்னம் ஒட்டி, இருமத் தொடங்கியிருந்தாள். மினியாப்பொலிஸிலிருந்து மகள் ஜோலீன் என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள். "அம்மா வரமாட்டேங்கிறாங்க நார்ப் அங்கிள். தொட்டி முடியட்டும், வரேன்னே சொல்றாங்க. இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ரூம்ல இருந்தா அப்பா போன வழியிலேயே போயிடுவாங்க."

நேரே போய் ஆர்டிஸிடம் கத்தினேன். அவள் கோபப்படவில்லை.

"முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லிட்டுப் போறேன் நார்ப். ஆனா முடியலையே. நீயே கேளு." வாளியைக் காட்டினாள். க்ளக் க்ளக். இடைவெளி.

"குடிச்சுப் பாத்தியா?"

"பயமா இருக்கு. தெரிஞ்சு குடிச்சா நான் பொய் சொல்லுவேன். நல்லாவே இருந்தாலும் இன்னும் ஆகலைம்பேன்." வாளியைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம சங்கத்து முறையில வை. மத்த ஊர் டுங்கெல் கோப்பைங்களோட சேத்து வை. எதுன்னு சொல்லாதே. என் மூக்கு சொல்றதை நான் ஏத்துக்கறேன்."

சங்கத்து முறை எல்ராய் வகுத்தது. ஊற்றுபவன் ஒருவன், மறைவில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பான், வாயைத் திறக்க மாட்டான். சுவைப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்ததும், கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் வைத்து மூட வேண்டும். மூடினால் இது தயார், இனி இதில் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். தயாராகாததைத் திறந்தே விட வேண்டும். மூடியதை மறுபடி திறந்து தீர்ப்பை மாற்றுவது எங்களிடம் பெரிய கேவலம்.

நவம்பர் ஞாயிறு மதியம் வைத்துக்கொண்டோம். மறுவாரம் மான் வேட்டை தொடங்குவதால் ஊரே வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தது. தொட்டியறையிலேயே மேசை போடச் சொன்னாள் ஆர்டிஸ். டுவேன் சாசேஜ் கொண்டுவந்தான். நான் பென்சில்வேனியா, கொலராடோ, டெக்சாஸ், வெர்மான்ட் என்று நான்கு இடத்து டுங்கெல் கொண்டுவந்தேன். ஊற்றும் வேலை என்னுடையது.

பீப்பாய்களுக்குப் பின்னால் போய், தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்து ஒரு ஜாடி பிடித்தேன். ஊற்றுபவனும் ஒரு வாய் பார்க்கலாம் என்று விதி உண்டு. பார்த்தேன்.

முப்பது வருடமாக எல்ராயின் பியரைக் குடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு குறை இருக்கும். வெண்ணெய் வாடை. ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் அதுவே அந்த வாடையைத் தின்று தீர்த்துவிடும். எல்ராய்க்கு ஏது பொறுமை? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல ஓடுகிற ஆள். நாளைக்கு ஊற்ற வேண்டியதை இன்றே ஊற்றுவான். கல்யாணத்தன்றும் பாதிரியார் கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் சொன்னவன். அவன் பியரை ஊரில் எல்லோரும் அந்த வெண்ணெய் வாடையை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம்.

இதில் அது இல்லை. ரொட்டித்தோல், வறுத்த கொட்டை, கடைசியில் நாக்கைத் துடைத்துவிட்டாற்போல் ஒரு சுத்தம். என் ஆயுளில் நான் குடித்த மிக நல்ல டுங்கெல் அதுதான். கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். தொட்டி எப்போதோ முடிந்துவிட்டது. பிறகு அந்த வாளியில் மூச்சு விடுவது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இரண்டாவது கோப்பையில் அதை ஊற்றினேன். வீட்டுப் பியரைக் கடைசியில் வைப்பது வழக்கம் என்பதால் இடம் மாற்றினேன், அவ்வளவுதான்.

ஐந்து ஐந்து கோப்பைகளாக இருவர் முன்னும் வைத்தேன். "ரொட்டியை மறந்துட்டேன்" என்று ஆர்டிஸ் எழுந்து மாடிக்குப் போனாள். அவள் காலடி படியில் ஏறி மறைந்ததும் அறை அமைதியானது. எவ்வளவு அமைதி என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"டுவேன். வாளி."

அவனும் கவனித்துவிட்டான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம். மேலே அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் இறங்கும் காலடி. கடைசிப் படியில் அவள் கால் வைத்ததும், க்ளக் க்ளக்.

"தரை அதிருது, அதான்" என்றான் டுவேன் மெதுவாக. "மரத்தரை. நடந்தா அதிரும்."

"கீழ இருக்கிறது சிமெண்ட்டுடா" என்றேன்.

ஆர்டிஸ் கறுப்பு ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும், சாசேஜ்ல பூனைக்கறின்னு தெரிஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆரம்பி" என்றேன்.

ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் பழைய நாள் மாதிரியே இருந்தது. ஆர்டிஸ் கோப்பையை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவாள். வெண்ணெய் ஒளிந்திருந்தால் சூட்டில் வெளியே வந்துவிடும் என்பது அவள் கணக்கு. டுவேன் முதல் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, "மரப்பெட்டியில அடிச்ச வார்னிஷ் கலர். நல்லா இருக்கு" என்றான். மூன்றாவதை ஆர்டிஸ் ஒதுக்கினாள். "இவன் மால்ட் பார்லியை வறுத்துக் கருக்கிட்டான். காப்பின்னு எழுதி வித்திருக்கலாம்." ஐந்தாவதைக் குடித்துவிட்டு டுவேன் இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று போய்க்கொண்டே இருந்தான். "நாக்குக்குத் தெரியணும்ல" என்றான். நெடுநாளுக்குப் பிறகு ஆர்டிஸ் சிரித்தாள். அவள் சிரித்தபோது வாளியும் வேகமாகக் குமிழியிட்டது. டுவேனின் கை கோப்பையோடு பாதியில் நின்றது.

பிறகு அவள் நான்காவதை எடுத்தாள். பொத்தினாள், முகர்ந்தாள். முகம் மாறியது.

"வெண்ணெய்" என்றாள். "நார்ப், வெண்ணெய் வாடை. இதுதான் அவன். இன்னும் ஆகல. எனக்குத் தெரியும், இன்னும் ஆகல." குரல் உடைந்திருந்தது, ஆனால் அதில் துக்கம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அட்டையைக் கையிலெடுத்து மேசையில் தள்ளி வைத்தாள். நான்காவது கோப்பை திறந்தே இருந்தது.

அது டெக்சாஸ். யாரோ ஒரு புதுப்பையன் அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டெக்சாஸ் பியரை நம்பி இந்தப் பெண் குளிர்காலம் முழுக்க இந்த அறையில் படுத்து இருமப் போகிறாளே.

நிம்மதி வந்ததால்தானோ என்னவோ, மிச்சமிருந்த இரண்டாவது கோப்பையை அவள் சாதாரணமாக எடுத்தாள். வேறு யாருடைய பியரையோ குடிப்பது போல. ஒரு வாய். நிறுத்தினாள். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாருப்பா இந்தப் புண்ணியவான்?" என்றாள். "எவ்வளவு பொறுமை பாரு. ஒரு அவசரமும் இல்ல. எவனோ ராத்திரி பகலா பக்கத்துல உக்காந்து காத்திருந்திருக்கான்." கோப்பையை மேசையில் வைத்தாள். "இதுக்கு இனிமே ஒண்ணும் வேண்டாம். இது ஆயிடுச்சு."

அட்டையை எடுத்து மேலே வைத்து மூடினாள்.

க்ளக் என்று ஒன்று வந்தது. ஒன்றுதான். அதன் ஜோடி வரவில்லை.

எங்களுக்கு அந்தத் தாளம் அத்தனை பழகிப்போயிருந்தது. மூன்று பேரும் அடுத்ததற்காகக் காத்திருந்தோம். டுவேன் சாசேஜை மெல்வதை நிறுத்தியிருந்தான். ஆர்டிஸ் வாளியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நார்ப். எது அவன்?"

தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. இனி நான் பேசலாம். இரண்டாவது கோப்பையைக் கை காட்டினேன்.

"இல்ல" என்றாள். "அதுல வெண்ணெயே இல்லையே. எல்ராய் ஒருநாளும் காத்திருக்க மாட்டான். அவனுக்குக் காத்திருக்கவே தெரியாது நார்ப்."

"இந்தத் தடவை காத்திருந்தான்" என்றேன்.

அவள் சட்டென்று அட்டையை அந்தக் கோப்பையிலிருந்து பிடுங்கினாள். எங்கள் சங்கத்தில் யாரும் செய்யாத காரியம். "ஆகல! நான் தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் ஆகல எல்ராய்!" என்று தொட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

அப்போது வாளித் தண்ணீர் அசைந்தது. குமிழி வரவில்லை. தண்ணீர் குழாய்க்குள் மெல்ல மேலேறியது. கண்ணாடிக் குழாய் என்பதால் நன்றாகத் தெரிந்தது. யாரோ உள்ளிருந்து நீண்ட மூச்சை இழுப்பது போல, ஒரு சாண் உயரம் ஏறி, அங்கேயே நின்றது. தொட்டி குளிர்ந்தால் அப்படி இழுக்கும் என்று டுவேன் பிறகு சொன்னான். சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் அவன் அல்ல. எல்ராயும் கடைசியாக ஒரு மூச்சை இழுத்தான். அதை வெளியே விடவில்லை.

இழுத்த தண்ணீர் இறங்கும் என்று ஆர்டிஸ் வாளியருகே மண்டியிட்டுக் காத்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து வந்து இரண்டாவது கோப்பையை எடுத்து, மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வெறும் கோப்பையின் மேல் அட்டையை வைத்து மூடினாள்.

"ஜோலீனுக்குப் போன் போடு நார்ப்" என்றாள். "முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு."